அப்பாவின் நீண்ட ஆயுளுக்கு ஒரு விருந்து

என் அருமை அப்பாவுக்கு,

இதனால் சகல வானவர்களுக்கும், குறிப்பாகச் சிங்காநல்லூரிலிருந்து புதிதாய்க் குடிவந்திருக்கும் மோட்டார் காயில் கட்டும் அந்தோணிசாமி அவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பிலிப்பைன்ஸ் நாட்டில் துறவறச் சகோதரர்கள் இல்லத்தில் தங்கி இளைஞர் ஊழியம் செய்துவரும் தங்கள் ஒரே மகன் இன்று ரசம் வைத்தான். இருமல் மருந்து என்று நினைத்து எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி குடித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

சிரிச்சீங்களா? இதை நம்ம கோயில் இளைஞர் பத்திரிகைக்கு அனுப்பறேன். பரலோகத்துக்குப் பின்கோடு தெரியலீங்க. அச்சுல வந்துட்டா எப்படியும் உங்க காதுக்கு எட்டிரும். நம்ம பங்குல எந்தச் சேதிதான் கோயில் கேட்டைத் தாண்டாம நின்னிருக்கு?

இந்த ஊர்ல மரியாதை தலைகீழுங்கப்பா. நாம 'ங்க' போடற இடத்துல இவங்க 'போ' போடறாங்க. வந்த அன்னிக்கே ஒரு பொடியன் கையைக் கட்டிக்கிட்டு என்கிட்ட வார்த்தைக்கு வார்த்தை 'போ, போ'ங்கறான். நானும் "போறேன்டா, இப்பத்தானே வந்தேன்"னு பெட்டியைத் தூக்கிட்டேன். அக்காவை 'ஆத்தே'ன்னு கூப்பிடணும். எங்க சமையல்காரம்மா ஆத்தே நேனா. காரத்தை வாயில வெச்சா அவங்களே 'ஆத்தே'ன்னு கத்தற சாதி.

ஆனா உங்க மகன் இங்க பெரிய ஆளு. சனிக்கிழமையானா துறைமுகக் குடிசைங்கள்ல இருந்து பசங்களும் புள்ளைகளும் வந்துருவாங்க. பாட்டு, விளையாட்டு, பைபிள் நாடகம். சாத்தான் வேஷம் எப்பவும் எனக்குத்தான். மேக்கப்பே வேண்டாம்னு இல்லத் தலைவர் பிரதர் ரமோன் சொல்லிப்போட்டார். எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கத்துவாங்க. அப்புறம் ஊட்டுக்குப் போயிருவாங்க. நாற்காலியை அடுக்கறப்ப யாரோடயாவது ஒரு சண்டை போட்டா நல்லாயிருக்கும்னு தோணும். சண்டை போடற அளவுக்குத் தமிழ் தெரிஞ்சவங்க இங்க யாருமில்லை.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

நான் கிளம்பறப்ப நெஞ்சைத் தடவிக்கிட்டே, "ஒண்ணுமில்லை கண்ணு, வாயு. நீ தைரியமாப் போ"ன்னீங்க. நான் நம்பலை. வந்த முதல் வாரமே பிரதர் ரமோன்கிட்ட எங்கப்பாவுக்கு ஜெபிக்கச் சொல்லிட்டேன். அன்னையிலிருந்து தினம் மாலை ஜெபத்துல, "சகாயத்தின் தந்தை நலம்பெற வேண்டுமென்று"ன்னு அவர் தொடங்க, நாங்க எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லுவோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை பூத்துல இருந்து நம்ம தெரு மளிகைக்கடைக்குப் போன் போட்டேன். அம்மா ஓடி வந்து எடுத்தாங்க. மூச்சு வாங்கறது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம், "அப்பா போயிட்டாங்க கண்ணு. மண்ணு குடுத்தாச்சு"ன்னாங்க.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஓடியாந்துருவேன்னு அப்பாதான் சொல்ல வேண்டாம்னாங்க. எடுத்த காரியத்தை முடிச்சுட்டு வரட்டும்னாங்க. நீ சாப்பிட்டியா சாமி?"

சாப்பிட்டேன்னேன். வேற என்ன சொல்றது? கடைக்காரர் பின்னாடி நின்னு யாருக்கோ பருப்பு நிறுக்கற சத்தம் கேட்டுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் பிரதர் ரமோன் வழக்கம்போல, "சகாயத்தின் தந்தை நலம்பெற வேண்டுமென்று"ன்னார். சொல்லியிருக்கணும். சொன்னா நெசமாயிருமே அப்பா. இந்த ஒரு வீட்டுலயாவது நீங்க உசுரோட இருந்தீங்க. கேட்டருளும்னேன். எல்லாரையும்விடச் சத்தமா.

எத்தனையோ நாள் அப்படியே ஓடுச்சு. ஒருநாள் காலையில பிரதர், "அப்பாவுக்கு வலி எப்படியிருக்கு?"ன்னார். வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா? "இப்ப வலி சுத்தமா இல்லீங்க பிரதர்"னேன். பொய்யில்லை பாருங்க. அந்த மனுசன் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எனக்குக் காது சுட்டுச்சு.

வந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்காக நன்றித் திருப்பலி! அப்புறம் விருந்து. குடிசைப் பசங்க அத்தனை பேரும் சட்டை மாத்திட்டு வந்துட்டாங்க. ஆத்தே நேனா ஒரு அண்டா சேமியா கிளறியிருந்தாங்க. நம்மூர் சேமியா இல்லை, கயிறாட்டம் நீளம். ஆயுசு நீளணும்னு வேண்டிக்கிட்டு இங்க அதைத்தான் சாப்பிடுவாங்க. முதல் தட்டு எனக்கு. நான் கரண்டியால வெட்டப் போனேன்.

"வெட்டாதே!" ஆத்தே நேனா என் கையைப் பிடிச்சுட்டாங்க. "அது உங்கப்பா ஆயுசு. அப்படியே உறிஞ்சு சாப்பிடு."

சுத்தி எல்லாரும் சிரிச்ச முகமா என்னையே பார்த்தாங்க. ஒரு இழை தட்டுலேருந்து தொங்கிட்டிருந்துச்சு.

எந்திரிச்சேன். தொண்டையைச் செருமிக்கிட்டுச் சுத்தமான இங்கிலீஷ்ல, "மன்னிக்க வேண்டும். என் தந்தை இறந்துவிட்டார். நான்தான் மறைத்தேன்"னு பிசிறில்லாமச் சொன்னேன். கண்ணுல ஒரு சொட்டு இல்லை. காயில் கட்டறவர் மகனாச்சே, இழுத்த இழுப்புக்குக் கம்பி அறுந்துருமா என்ன?

பிரதர் ரமோன் அன்னிக்குப் பூரா என்கிட்டப் பேசலை. சாயங்காலம் ஜெப அறை வாசல்ல வந்து நின்னு, "உங்கப்பா பேரென்ன?"ன்னார். அப்பத்தான் உறைச்சுது. இத்தனை நாள் உங்க பேரே தெரியாம உங்களுக்கு ஜெபிச்சிருக்காங்க. சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார், தப்பா வந்துச்சு. திருத்தினேன். மறுபடி தப்பு. கடைசியில 'அந்தோனி சமி'ல சமாதானமாயிட்டோம்.

செத்தவங்க ஊட்டுல ஒன்பது நாள் ஊரே வந்து ஜெபம் சொல்லி, சீட்டாடி, பிஸ்கட் தின்னு, ஊட்டுக்காரங்களைத் தனியா விடாம இருக்கறது இங்க வழக்கம். உங்களை எப்பவோ மண்ணுல வெச்சாச்சு, இங்க அன்னிக்குத்தான் முதல் நாள். பசங்க தினம் வந்தாங்க. கள்ள ஆட்டம் ஆடித் தோத்தாங்க. உங்களைப் பத்திக் கேட்டாங்க. நீங்க எப்பவும் சொல்லிச் சிரிக்க வைக்கற 'லீவர் விட்டு ஓட்டற சைக்கிள்' கதையைச் சொன்னேன். மொழிபெயர்த்தா அதுல சிரிக்க ஒண்ணுமே இல்லீங்கப்பா. ஆனா சிரிச்சாங்க.

ஒன்பது நாளும் முடிஞ்சுது. இன்னைக்குப் பசங்க யாரும் வரலை. நாற்காலியெல்லாம் நானே அடுக்கிட்டேன். மாலை ஜெபத்துல உங்க பேரு இப்ப இறந்தோர் வரிசையில வருது. நோயாளிங்க வரிசையில அந்த இடம் வந்தா பிரதர் ஒரு நொடி நிறுத்திட்டுத்தான் அடுத்ததுக்குப் போறார். அது உங்களுக்காகவா, எனக்காகவா?

ஒண்ணு சொல்லிடறேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்த இங்கிலீஷ் பேச்சு சும்மாங்கப்பா. எந்திரிச்சது நெசம். வாயைத் திறந்தா இங்கிலீஷ்ல ஒரு எழுத்து வரலை. "எங்கப்பா செத்துப்போயிட்டாங்க"ன்னு தமிழ்லதான் சொன்னேன். ஒருத்தருக்கும் புரியலை. நன்றி சொல்றேன்னு நினைச்சு எல்லாரும் கை தட்டிட்டாங்க. ஆத்தே நேனா மட்டும் கை தட்டலை. வந்து என் தட்டை வாங்கிக் கீழ வெச்சாங்க. அவங்க தோள்ல மூஞ்சியை வெச்சு, அத்தனை பசங்க முன்னாடியும் ஓன்னு அழுதேன். அவங்க ஞாயித்துக்கிழமைச் சட்டை பூரா மூக்குச்சளி. அழுது ஓஞ்சப்புறம்தான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷ்ல விஷயத்தைச் சொன்னேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணுவேன். சாப்பிட்டியான்னு கேட்டா, சாப்பிடலைம்மா, அப்பா நெனப்பாவே இருக்குன்னு சொல்லுவேன். அம்மாவும் எனக்காகத்தானே இத்தனை நாள் அழாம இருக்காங்க. இனி ரெண்டு பேரும் சேர்ந்தே அழறோம்ப்பா. சத்தியம்.

உங்க ஒரே மகன்,
அழுமூஞ்சி சகாயம்