நீங்கள் கேட்ட பயறு

இஞ்சாருங்கோ,

நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் கை கூசுகிறது. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

எனக்கும் சலரோகமாம், உங்களுக்கு இருந்த அதே சீனி வியாதி. போன கிழமை கிளிநொச்சி ஆசுபத்திரியில் மருந்து தருகிற அப்போதிக்கரி ஐயா சொன்னார். சோற்றைக் குறைத்து, பயறு, கடலை, அவரை சேர்க்கட்டாம். வயிறு நிறைந்திருக்கும், இரத்தத்தில் சீனியும் சட்டென்று ஏறாதாம். உங்களுக்குச் சொன்ன அதே கதைதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நினைவிருக்கிறதா? ஒரு மாதம் காலையில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சாப்பிட்டீர்கள். களைப்புக் குறைந்து, வயலில் நின்று வேலை செய்ய முடிகிறது என்றீர்கள். அப்போதுதான் பளையிலிருந்து உங்கள் அக்கா, என் மச்சாள், வந்து உங்கள் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"காணி கிடைச்சும் என்ர தம்பிக்குச் சோறில்லையோ?"

விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு மானம் போய்விட்டது. அரசாங்கம் தந்த காணியில் விதைத்து, சொந்த நெல்லுச் சோறு சாப்பிடத்தானே யாழ்ப்பாணத்தை விட்டு உருத்திரபுரத்துக்கு வந்தோம்!

அன்று மத்தியானமே சோற்றைக் குவித்துப் போட்டேன். அதற்குப் பிறகு பயறு அடுப்பில் ஏறவில்லை. ஒருநாள் நீங்களாகவே கேட்டீர்கள்.

"இஞ்சாரும், ஒரு பிடி பயறு அவிச்சுத் தாருமன்."

ஊர் என்ன கதைக்கும் என்று வெடுக்கென்று சொன்னேன். நீங்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பிறகு கேட்கவேயில்லை. இன்னொருதரம் கேட்டிருந்தால் தந்திருப்பேன். தந்திருப்பேனா?

காலில் வந்த புண் ஆறாமலே போய்விட்டீர்கள். பயறு தந்திருந்தால் ஆறியிருக்குமா என்று அப்போதிக்கரி ஐயாவிடம் கேட்டேன். அதை ஆராலை சொல்லேலும், பிள்ளை என்றார். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம்; நீங்கள் போய் ஒரு வருடம். படையலில் சோற்றுக்கு முன்னால் அவித்த பயற்றை வைத்தேன். இது என்ன புதுப் பழக்கம் என்று மச்சாள் கேட்டார். சொந்தக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்கட தம்பி கேட்டவர், மச்சாள். நான் குடுக்கேல்லை."

 மச்சாள் என் பக்கத்தில் வந்து இருந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நெல்லு வெட்டிய வயலில் பயறு போட்டிருக்கிறேன். முளைத்துவிட்டது. இனி ஆர் வந்தாலும் என் கோப்பையை மூடி வைக்க மாட்டேன். நம் பிள்ளைகள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால், ஊருக்குப் பயந்து இல்லை என்று சொல்லவும் மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

நீங்கள் 'இஞ்சாரும்' என்று கூப்பிட்ட,
உங்கள் மனைவி