நாற்பத்தொன்றாம் எண் பங்களா

ஜூன் 3, 2025
எதிர்காலச் சரித்திர ஆசிரியர்களே, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் எனக்கொரு பங்களா இருந்தது. போன மாதம் அதை இடிக்க வந்த புல்டோசர் டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். (சரி, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.) இப்போது எங்கள் தெருவின் பன்னிரண்டு குடும்பங்களும் சமுதாயக் கூடத்தில். என் அரண்மனையின் அகலம் இரண்டு பாய்.

கமலினி என்ற பெண் பெயின்ட், பிரஷோடு வந்தது. செவ்வாய், வெள்ளி ஓவிய வகுப்பாம். “மொதல்ல உங்க வீட்ட வரைங்க.” நான் ஏழு மாடி வரைந்தேன்.

“லிஃப்ட் எங்க மாமா?” என்றாள் பக்கத்து வீட்டு சாராள். அவள் தாள் மட்டும் காலி.

ஜூன் 4
ஏன் காலி? எனக்குத் தெரியாதா என்ன.

இடிப்பதற்கு முன் கணக்கெடுக்க வந்தார்கள். கதவுக்குக் கதவு சிவப்புப் பெயின்டில் எண். எண்ணும் பெயரும் பதிவானால்தான் மாற்று வீடு. சாராள் அன்று கேன்டீன் வேலைக்குப் போயிருந்தாள். பூட்டிக் கிடந்த அவளுடைய நீலக் கதவைக் காட்டி, “இது யாருது?” என்றார் அதிகாரி.

“அதுவும் நம்மளுதுதான் சார். விருந்தாளிங்க வந்தா தங்கற மாளிகை” என்றேன்.

அந்த மனிதருக்குச் சிரிப்பு வரவில்லை. என் கதவில் போட்ட 41-ஐ அதிலும் போட்டார். நான் கையெழுத்தும் போட்டேன், வால் நீட்டி, பெருமையாக.

பட்டியலில் சாராள் பெயர் இல்லை. வாயா இது—

ஜூன் 6
ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். “அன்னிக்கு உன்னுதுன்னே. இன்னிக்கு இல்லன்றே. எத்த நம்பறது?” என்றார் அதே அதிகாரி. அறுபத்து மூன்று வயதில் முதல் உண்மை. பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை போலும்.

ஜூன் 7
சாராள் டீ கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல்.

ஜூன் 10
“இன்னிக்கு உங்க பழைய தெரு. ஞாபகத்துலேர்ந்து வரைங்க. பக்கத்துத் தாளப் பாக்கக் கூடாது” என்றது கமலினி. என் தாளில் இம்முறை ஒரு மாடிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, பிரஷ் மட்டம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13
படங்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். எல்லாவற்றிலும் என் குடிசை, தார்ப்பாய் கிழிசலோடு. வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நான். முத்தம்மாள் வரைந்ததில் என் வாய் கதவைவிடப் பெரிது.

“இன்னா முத்தம்மா, இம்மாம் பெரிய வாயா எனக்கு?”

“தாள் பத்தல மாமா. கொஞ்சம் கொறச்சிதான் போட்டேன்.”

சண்டைக்குப் போக இருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தாளிலும் என் வாய்க்குப் பக்கத்தில் ஒரு நீலக் கதவு. அதன் முன்னால் சாராள். ஒன்றில் பாத்திரம் துலக்குகிறாள், ஒன்றில் தலை வாருகிறாள், ஒன்றில் என்னைத் திட்டுகிறாள்.

ஜூன் 16
எல்லாப் படங்களையும் சுருட்டிக்கொண்டு சாராளோடு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி ஒவ்வொன்றாக மேஜையில் விரித்தார்.

“இதுல வாயப் பொளந்துக்கினு நிக்கறது யாரு?”

“நான்தான் சார்.”

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்படியே கீது. அப்போ பக்கத்துல வரைஞ்சதும் சரியாத்தான் இருக்கும்” என்று காகிதம் தந்தார். எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி. மறுவிசாரணை செய்வார்களாம்.

ஜூலை 22
பலகையில் புதுப் பட்டியல். 41 மணவாளன். 41/1 சாராள்.

கலெக்டரே எழுந்து எனக்கு சல்யூட் வைத்ததாகக் கூடத்தில் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை, கேட்கவுமில்லை.

சாராள் டீ தந்தாள். “புது ஊட்டாண்ட யாராச்சும் வந்து கேட்டா நீ வாயத் தொறக்காத மாமா. நான் சொல்லிக்கிறேன்.” டீ பாயசம் போல இனித்தது.

சரித்திர ஆசிரியர்களே, பங்களா, டிரைவர், கலெக்டர் எதையும் நம்ப வேண்டாம். அன்று எழுதிக் கொடுத்த ஒரு வரி மட்டும் நிஜம்: நீலக் கதவு என்னுடையது அல்ல.