என் புடவையில் நீங்கள் கறந்த பால்

இன்று காலை கறவை மிஷினின் ரப்பர் குழாய்களைக் கழுவ வெந்நீரில் போட்டேன். சூடு பட்ட ரப்பரும் உள்ளே ஒட்டியிருந்த பாலும் சேர்ந்து ஒரு வாசனை கிளம்பியது. கண் திறந்தபடியே கனவு வருவதுபோல நீங்கள் வந்துவிட்டீர்கள். அதுவும் எப்படி? பெண்டாட்டி புடவையில்! நான் சிரித்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி, "மாமா போனதுலேர்ந்து நீ தனியா சிரிக்கிறது ஜாஸ்தியாயிடுச்சிக்கா" என்றாள். தனியாக என்று யார் சொன்னது?

அந்த வருஷம் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டேன். வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கைவலிகூடப் பெரிதில்லை. நம் பசு ராணி என் கையைத் தவிர வேறு கைக்குப் பால் விடாத மகராசி. கன்றும் செத்துப் போயிருந்தது. நீங்களோ ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிடுகிறவர். உப்பும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை வாசலுக்கு வந்தாலே ராணி காலைத் தூக்கும். என் சந்தன சோப்பைப் பாதி கரைத்துக் குளித்துவிட்டு வந்தீர்கள். அப்போதும் உதைதான்.

"பொண்ணு பாக்கப் போறவரு மாதிரி வந்தா அதுக்குக் கோவம் வராதா?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. மடி கல்லாக இறுகிக் கொதித்தது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "பால் தங்கக்கூடாதும்மா. இன்னிக்கே எடுக்கலைன்னா மடி போய்டும்" என்றார். பால் சொசைட்டிக்குப் புதிதாக வந்திருந்த கறவை மிஷினை அனுப்பச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நீங்கள் தண்ணீர்த் தொட்டி ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"மடி போன மாடு எங்க போவும்னு எனக்குத் தெரியும்மே. சந்தைக்குப் போவும். அப்புறம் தோலா என் கைக்கே வரும். ராணிக்கு நான் உப்பு தடவணுமா?"



மிஷின் மொபெட்டில் வந்தது. ஒரு மோட்டார், ஒரு கேன், நண்டுக்கால்போல நாலு குழாய். சொசைட்டிக்காரர் காம்புகளில் மாட்டினார். மோட்டார் ஓடியது, பால் வரவில்லை. உடனே கழற்றிவிட்டார். "மிஷின் இழுக்கத்தான் இழுக்கும். மாடு மனசு வச்சாத்தான் பால் இறங்கும். பழகின ஆளு யாராவது முன்னாடி நில்லுங்க."

நான் போய் நின்றேன். மாவுக்கட்டின் மருந்து வாடைக்கு என்னையே முட்ட வந்தது, நன்றி கெட்டது.

நீங்கள் உள்ளே போனீர்கள். நான் கொட்டகைக்குக் கட்டிக்கொண்டு போகும் துவைக்காத புடவையை லுங்கிமேல் சுற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தீர்கள். மீசையோடு! தெருவே கூடிவிட்டது.

"இன்னா மாமா, எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போற?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

"மாடு சிரிக்கல. நீ ஏம்மே சிரிக்கிற?" என்றீர்கள்.

ராணி முந்தானையை முகர்ந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது. குழாய்களை மறுபடி மாட்டினார்கள். கண்ணாடி போன்ற குழாயில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. அது நூலானது, நூல் ஓடையானது. டக்... டக்... டக்... தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல மிஷின் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள். சாயங்கால வெயில் கொட்டகைக்குள் மஞ்சளாக மிதந்தது. ராணிக்கும் அரைக்கண், அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த உங்களுக்கும் அரைக்கண். அந்த சாயங்காலம் இன்னும் எங்கோ முடியாமல் நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

மடி பிழைத்தது. கட்டுப் பிரித்த பிறகும் என் கைக்குப் பழைய பிடி வரவில்லை. நாமும் ஒரு மிஷின் வாங்கினோம். ராணி அதற்கப்புறமும் கன்றுகள் போட்டு, கிழடாகி, கொட்டகையிலேயே ஒரு நாள் கண்ணை மூடியது. ஷாப்பிலிருந்து உங்கள் தோஸ்த் கத்தியோடு வந்தார். தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல் இல்லண்ணா, ஏ ஒன் தோலு" என்றார்.

"தெரியும்டா" என்றீர்கள். கத்தியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தீர்கள். காலமெல்லாம் தோலைத் தொட்டுச் சோறு தின்ற மனிதர், அந்த ஒரு தோலை மட்டும் மண்ணுக்கு விட்டீர்கள்.

போன வாரம் மாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். இப்போது இருப்பதில் மூத்ததைக் காட்டி, "இது இனிமே சினை நிக்காதும்மா. தீனிதான் வேஸ்டு. ஓட்டி உடு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

"எங்க வீட்டுக்காரரைக் கேக்கணும்" என்றேன்.

"கேட்டுச் சொல்லு, நிக்கிறேன்."

உள்ளே போய், மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து, "அவரு ஒத்துக்கல" என்றேன்.

வியாபாரி போய்விட்டார். நீங்கள் இருந்த காலத்தில் ஒரு காரியமாவது உங்களைக் கேட்டுச் செய்திருப்பேனா நான்?