வெள்ளை லினன் சட்டை

புதன், ஜூலை 9. இரவு.

நாளை சென்னையில் எனக்கு நேர்காணல். அதற்காக அரக்கோணத்தில் பழைய டிசைனர் துணி விற்கும் கடையில் வெள்ளை லினன் சட்டை ஒன்று வாங்கினேன். புதிதாக வாங்க என்னால் முடியாது. திருத்தணி ரயிலில் அதன் தையலைத் தடவிக்கொண்டே வந்தேன். அத்தனை சந்தோஷம். வீட்டில் புதுசு என்று சொல்லிவிட்டேன்.

உடனே அம்மா, புதுத்துணிக்கு வைக்க வேண்டுமென்று மஞ்சள் குழைத்து வந்தாள்.

"வேணாம்மா, யாரோ போட்டதுதான்" என்று உளறிவிட்டேன்.

"யாருடி? உசுரோட கீறாங்களா?"

"தெரியாது."

"அப்போ கண்டிப்பா வெக்கணும்!" காலரிலேயே அழுத்தி வைத்தாள்.

அவள் கடைக்குப் போனதும் சோப்பு போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பாகிவிட்டது. பின்னலை முன்னால் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பாதிதான் மறைகிறது. நாளை தலையைச் சாய்த்துக்கொண்டேதான் பதில் சொல்ல வேண்டும்.