கழலாத புஷ்ஷும் என் தாடியும்

11.8.1952, திங்கள்

ஜீப் படுத்துவிட்டது. பெரிய பள்ளம்கூட இல்லை, கோழி மண் குளிக்கிற குழி. அதில் இறங்கியதும் ‘டங்’ என்றது. முன்பக்கம், இடது ஸ்பிரிங் பட்டை இரண்டாக ஒடிந்துவிட்டது.

என் மேல் என்ன தப்பு? ஜப்பான் சண்டைக் காலத்திலேயே கிழடு தட்டிய வண்டி. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்ட்டு சுட்டால் துரை மேல் படக்கூடாது என்று சுற்றிலும் இரும்புத் தகடு அடித்து வைத்திருக்கிறார்கள். மலாயாவில் எமர்ஜென்சி வந்து இத்தனை வருஷத்தில் ஒரு குண்டும் இந்த ஜீப்பைத் தேடி வரவில்லை. தகட்டின் பாரம் தாங்காமல் பட்டைதான் போயிற்று.

துரை இறங்கிப் பார்த்தார். தோட்டத் தமிழில் சொன்னார்: “முருகையா, நீ இது செய்யும். சம்பளக் காசு எடுக்க நான் இந்த வண்டியிலே போகும். வண்டி ஓடலே, நீ மரம் சீவப் போகும்.”

அடுத்த மாதம் ஆறாம் தேதி சம்பளம்.

ரப்பர் மரம் சீவுவது ஒன்றும் கேவலமில்லை. நேற்றுவரை சீவினவன்தான் நான். ஆனால் ‘டிரைவர்’ ஆன பிறகுதான், ஆள்களை வேலை வாங்குகிற பிச்சை கங்காணி என் அக்கா பேச்சுக்கே காது கொடுத்தார். அவர் மகள் புஷ்பவள்ளியை எனக்குக் கேட்டிருக்கிறோம். சாயங்காலம் அவரைப் பார்த்து, “மாமா, பட்டைதான் போயிருக்கு, சின்ன வேலை” என்றேன்.

“மாமான்னெல்லாம் கூப்பிடாதே தம்பி. மொதல்ல ஜீப்பு ஓடட்டும்” என்றார்.

12.8.1952

வேலை சின்னதுதான். பட்டையின் முனையையும் வண்டிச் சட்டத்தையும் ‘ப’ மாதிரி வளைந்த ஓர் இரும்பு பிணைக்கிறது. அதன் மேல்முனையில் ஒரு புஷ், கீழ்முனையில் ஒரு புஷ். இரண்டும் மரை போட்டவை. திருகிக் கழற்றினால் பட்டை கையில் வந்துவிடும்.

மேல் புஷ் சமர்த்தாக வந்துவிட்டது. கீழ் புஷ் அசையவே இல்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது.

13.8.1952

மண்ணெண்ணெய் ஊற்றினேன். அசையவில்லை. திட்டினேன். அசையவில்லை.

15.8.1952

இன்று ஷெட்டில் வைத்தியர்கள் கூட்டம். ஸ்டோர்க்காரர் தேங்காயெண்ணெய் என்றார். ரப்பர்ப் பால் நிறுத்துக் கணக்கெழுதுகிற கிராணி எலுமிச்சம்பழம் என்றார். கள்ளுக்கடையிலிருந்து வந்த பக்கிரிசாமி அண்ணன், “கள்ளு ஊத்து தம்பி, எப்பேர்ப்பட்டவனும் எளகிடுவான்” என்று சொல்லி, அரைப் போத்தலைப் புஷ்ஷுக்கு ஊற்றி, மீதி அரையைத் தான் ஊற்றிக்கொண்டு ஜீப்புக்கு அடியிலேயே தூங்கிவிட்டார். இளகியது அவர் மட்டும்தான்.

கடைசியில் அக்கா வந்தாள். என்னை வளர்த்தவள், காளியம்மா, சொன்னால் மறுபேச்சில்லை. குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். புஷ் பளபளவென்று ஆகிவிட்டது. அழுக்கு போனதும் அதன் தலையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. மேல் புஷ்ஷில் கோடு இல்லை. அழகுக்குப் போட்டிருப்பான் போல.

பளபளத்ததே தவிரக் கழலவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே மாரியம்மன் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“ஆத்தா, இது கழல்ற வரைக்கும் என் தம்பி மூஞ்சியில கத்தி படாது. கழண்டுச்சுன்னா மொட்டை போட்டுர்றோம்.”

“யாருக்கு மொட்டை?” என்று கேட்டேன்.

“உனக்குத்தான்டா. ஜீப்புக்கா முடி இருக்கு?”

20.8.1952

தாடி அரிக்கிறது.

இன்று ஸ்பானரின் பிடியில் ஆள் நீளத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாயைச் சொருகி, ஐந்து பேர் தொங்கினோம். இடது பக்கம் திருப்பினால் எதுவும் கழலும், வலது பக்கம் திருப்பினால் இறுகும். இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இடது பக்கமே தொங்கினோம். “ஏலேலோ” என்றுகூடப் பாடினார்கள். புஷ் கொஞ்சம் அசைந்தது! நான் கண்ணால் பார்த்தேன். சந்தோஷத்தில் “இன்னும் இழுங்க!” என்று கத்தினேன்.

குழாய் ஒடிந்தது. அப்படி ஒரு சத்தம் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஐந்து பேரும் பால் வாளிகள் மேல் போய் விழுந்தோம். விழுந்து எழுந்தால் ஷெட்டுக்கு வெளியே ஒருத்தரையும் காணோம். கேட்டில் காவல் இருக்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் அத்தனை பேரும் துப்பாக்கியோடு சாக்கடைக்குள் படுத்திருந்தார்கள். கம்யூனிஸ்ட்டு வந்துவிட்டான் என்று நினைத்தார்களாம். ஜைனல் மெதுவாகத் தலையை நீட்டினான். மலாய்க்காரப் பையன், தோட்டத்துக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டவன், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவான்.

“யார் சுட்டது லா?”

“யாரும் சுடலே. குழாய் ஒடஞ்சிடுச்சு.”

சட்டையெல்லாம் சேற்றோடு நின்று என்னையே பார்த்தான். பிறகு மலாயில் ஏதோ சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன்.

புஷ் முன்னைவிட இறுகியிருக்கிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். எப்படி முடியும்?

29.8.1952, வெள்ளி

என்ன மனுஷன் அந்தக் கங்காணி! என்ன மனுஷன்!

முதலிலிருந்து எழுதுகிறேன். புதுப் பட்டை வாங்க சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் பஸ்ஸில் போனேன். பிச்சை கங்காணியும் அதே பஸ். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, என் தாடியைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டணத்துக்கு வெளியே போலீஸ் தடுப்பு. எல்லாரையும் இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். என் அட்டையில் இருக்கிற முருகையா வழவழவென்று சவரம் செய்து, எண்ணெய் வைத்து வகிடெடுத்து, கிராணியிடம் இரவல் வாங்கிய கோட்டுப் போட்டிருக்கிறான். கீழே நிற்கிற முருகையா காட்டிலிருந்து வந்தவன் மாதிரி இருக்கிறான். போலீஸ்காரர் என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்.

“சார், வேண்டுதல் சார். ஜீப்பில ஒரு புஷ் கழல மாட்டேங்குது, அதனால தாடி” என்றேன். சொல்லும்போதே எனக்கே சரியாகப் படவில்லை.

அவர் கங்காணியைக் கூப்பிட்டு, “இவனைத் தெரியுமா?” என்று கேட்டார். அப்பாடா என்று இருந்தது. கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

“எங்க எஸ்டேட்டு ஆளு மாதிரிதான் இருக்கு” என்றார்.

மாதிரி! நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்! மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறவர்! பஸ் போய்விட்டது. வெயிலில் காய்ந்த பிறகு தோட்டத்துக்கு டெலிபோன் போட்டுக் கேட்டு, என்னை விட்டுவிட்டார்கள்.

நடந்தே அய்யூப் பாய் கடைக்குப் போனேன். ராணுவம் விட்டுப்போன இரும்பெல்லாம் அவரிடம் இருக்கும். பட்டை கிடைத்தது. புஷ்ஷும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று கேட்டேன்.

“கோடு போட்டதா தம்பி, கோடு இல்லாததா?”

“ரெண்டுக்கும் என்ன பாய் வித்தியாசம்?”

“நான் விக்கிறதோட சரி. மாட்டுறது உங்க பாடு.”

என் ஜீப்பில் கழலாமல் இருப்பது கோடு போட்டது. அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘மாதிரி’ என்று சொன்னவர் பெண்ணைத் தருவாரா?

30.8.1952

துரை ஷெட்டுக்கு வந்தார். மரம் சீவுகிற கத்தி ஒன்றை ஜீப்பின் மூக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

2.9.1952, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். பாதி சந்தோஷம், பாதி வெட்கம்.

மத்தியானம் புஷ்பவள்ளி ஷெட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. பால் மாவு எடுக்க அவள் அப்பாவின் சைக்கிளில்தான் ஸ்டோருக்குப் போவாள். நான் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்த அவசரத்தில் தலை தகட்டில் இடித்தது.

“இருங்க, இருங்க. கேள்விப்பட்டேன், அதான் பார்க்க வந்தேன்.”

“புஷ்ஷையா?”

“தாடியை” என்றாள்.

கழற்றி வைத்த மேல் புஷ்ஷும், பாயிடம் வாங்கிய புதுப் புஷ்ஷும் பலகை மேல் இருந்தன. அவள் இரண்டையும் எடுத்துக் கைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தாள். சும்மா விளையாட்டுக்கு என்று நினைத்தேன்.

“ஏங்க, இதோட மரை இந்தப் பக்கம் சாயுது. அது அந்தப் பக்கமில்ல சாயுது?”

வாங்கிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஆமாம். கோடு இல்லாத புஷ்ஷின் மரை ஒரு பக்கம் ஏறுகிறது. கோடு போட்டதில் நேர் எதிர்ப்பக்கம் ஏறுகிறது.

“அப்பா சைக்கிள்ல இடது பெடலும் இப்படித்தான். எல்லாரும் கழட்டுற பக்கம் திருப்பினா அது இறுகும். அப்பா அது தெரியாம ஒரு நாள் பூரா இறுக்கிட்டே இருந்தாரு. கடைசியில பெடலை உதைச்சுக் கால் வீங்கிப் போச்சு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

அப்படியானால் நான்? மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், கள், புளி, ஐந்து ஆள், ஏலேலோ... இத்தனை நாளும் அந்தப் புஷ்ஷை ஊரே சேர்ந்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்! துருப்பிடித்து இறுகியது கால்வாசி என்றால் நாங்கள் இறுக்கியது முக்கால்வாசி. புத்தி கெட்ட கழுதை. நான்தான். ஜீப்பு இல்லை.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாயைச் சொருகி, பக்கிரிசாமி அண்ணனை மட்டும் கூப்பிட்டு, வலது பக்கம் தொங்கினோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ‘கிறீச்’ என்று பூனையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். சுற்றியது. தானாகவே சுற்றி வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

“நான் ஊத்துன கள்ளு இப்பத்தான் வேலை செய்யுது” என்றார் அண்ணன்.

புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். இதையும் எழுதி வைக்கிறேன்.

4.9.1952

பட்டை மாட்டியாயிற்று. ஜீப் நேராக நிற்கிறது. மொட்டை போட்டாயிற்று. தலை சில்லென்று இருக்கிறது.

கேட்டில் ஜைனல் என் அட்டையையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். “முக்கா லாயின் லா, முருகையா! மூஞ்சியே வேற! போன வாரம் ஒரு மூஞ்சி, இந்த வாரம் ஒரு மூஞ்சி!”

5.9.1952

துரை கெட்டிக்காரர். “முதலிலே நீ டவுனுக்குப் போகும். திரும்பி வந்தா, நாளைக்கு நான் ஏறும்” என்றார். கூடப் போய்ப் பார்த்து வரும்படி பிச்சை கங்காணியிடம் சொல்லிவிட்டார்.

வழி முழுக்க அவர் தகட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். பேசினால் ‘மாதிரி’யைப் பற்றிக் கேட்டுவிடுவேன். ஜீப் மட்டும் குழந்தை மாதிரி ஓடியது.

அதே தடுப்பு. அதே போலீஸ்காரர். அட்டையில் வகிடு, எதிரில் மொட்டை.

“போன வாரம் தாடியோடு வந்தது நீதானே?”

“நான்தான் சார். புஷ் கழண்டுடுச்சு சார்.”

அவர் பெருமூச்சு விட்டுக் கங்காணி பக்கம் திரும்பினார். “இவனைத் தெரியுமா?”

ஓரமாகப் போய் உட்கார அப்போதே தயாரானேன்.

கங்காணி மொட்டையைப் பார்த்தார். ஜீப்பின் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்க வீட்டு மாப்பிள்ளை சார். வர்ற தையில கல்யாணம்” என்றார்.

போலீஸ்காரர் வழி விட்டார். என் கால் கிளட்சை விட்டுவிட்டது. தடுப்புக்கு நடுவிலேயே எஞ்சின் நின்றுபோயிற்று. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. “நல்ல டிரைவர்!” என்றார் கங்காணி.

6.9.1952, சனி

துரை ஏறினார். பேங்க்குக்குப் போய் வந்தோம். சம்பளம் போட்டாயிற்று.

மாமா சைக்கிளில் இடது பெடல் மறுபடியும் ஆடுகிறதாம். நாளைக் காலை வந்து இறுக்கித் தரச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் திருப்புவது என்று புஷ்பவள்ளியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.