மூன்று எண்ணுவதற்குள்

ஷார்ஜா
12.3.1999

அன்புள்ள பவுனாம்பாளுக்கு, நான் சுகம். நீயும் மகள் வெற்றிச்செல்வியும் சுகமா?

கேம்ப் டி.வி.யில் தினமும் மல்யுத்தம்தான். அமெரிக்காக்காரன் அரை மணி பேசிவிட்டு ஐந்து நிமிடம் அடிக்கிறான். ஜப்பான்காரன் பேசாமல் அடிக்கிறான். என் ஓட்டு ஜப்பானுக்கு. எல்லாம் நடிப்பு, விழுந்தால் வலிக்காது என்று மகளுக்குப் பாடம் எடுத்த மேதை நான்தானே.

போன வாரம் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தேன். கூட இருந்த அறிவரசன் டி.வி. நடுவர் மாதிரி தரையைத் தட்டி, "ஒண்ணு, ரெண்டு... மூணுக்குள்ள எந்திரிச்சுடுங்கண்ணே" என்றான். எழுந்துவிட்டேன். வலது கையில் மட்டும் மாவுக்கட்டு. இது இடது கை எழுத்து, கோணலைப் பார்த்துப் பயப்படாதே.

மகளை முந்திரி மரத்திலிருந்து குதிக்க விடாதே. வலிக்காது என்று அப்பா சொன்னது பொய் என்று சொல். பதிலில் அவள் கையால் ரெண்டு வரி எழுதட்டும்.

கடிதம் கொண்டுவரும் கீழப்பழுவூர்க்காரர் கிளம்பிவிட்டார்.

சாமிக்கண்ணு