இனாய் நாளும் கடைசி ஆட்டமும்

நேற்றுக் காலை தைலம் விற்கிற ஒருவன் கடைக்கு வந்தான். ஜாதிக்காய்த் தைலம். ஒரு போத்தலைத் திறந்து என் புறங்கையில் தடவி, "மோந்து பாருங்க ஆன்ட்டி, அசல் சரக்கு" என்றான். அசலாவது! பாதிக்கு மேல் கலப்பெண்ணெய். மசாலா வியாபாரத்திலேயே நரைத்த மூக்கு என்னுடையது. ஆனாலும் விலை பேசாமல் ஒரு டஜன் வாங்கினேன். பேரம் பேசாத என்னைப் பார்த்து அவனே பயந்துவிட்டான். நான் என்ன செய்ய? அந்த வாசனையோடு நாம் பந்து ஆடப் போகிற லோரியின் பின்பலகையும், அதில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற நீயும் வந்து நின்றுவிட்டீர்கள்.

இதை நீ படிக்கப்போவதில்லை. இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய். மலாக்கா காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற செட்டி வீட்டுப் பெண் நீ. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் உனக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பேர்கள், சில பலகாரங்களின் பேர்கள், என்னிடம் கற்றுக்கொண்ட இரண்டு கெட்ட வார்த்தைகள். எனக்கோ மலாயில் வியாபாரம் வரும், மனசைச் சொல்ல வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன், நீ பேசியதையும் தமிழிலேயே போட்டுக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லாரும் எதையாவது புதிதாக ஆரம்பித்துக்கொண்டிருந்த காலம். பெண்களுக்கென்று ஒரு காற்பந்து லீக்கும் ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஓர் அணி. நன்றாக ஆடுகிறவர்களுக்கு மேல் பிரிவு, மற்றவர்களுக்குக் கீழ்ப் பிரிவு. மலாக்கா எப்படியோ மேல் பிரிவில் ஏறிவிட்டது. நீ கோல்கீப்பர். உனக்கு முன்னால் இடது பக்கம் தடுத்து ஆடுவது என் வேலை, என்னைப் பின்னாலிருந்து திட்டுவது உன் வேலை. அப்போது நான் மார்க்கெட்டில் மிளகாய்த்தூள் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தேன். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது லோரியிலேயே அவித்த கடலையும் விற்பேன். "சொந்த அணிக்கே கடலை விற்கிறாளே, இவள் உருப்படுவாள்" என்று நீதான் எனக்குத் 'தவுக்கே' என்று பேர் வைத்தாய். பெரிய முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி. கடைசிவரை என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நாம் கட்டைக் கால்சட்டை போட்டுத் திடலில் இறங்கியதும் வேலியோரம் ஒரு கூட்டம் கத்தும்: "முட்டி தெரியுது! முட்டி தெரியுது!" ஈப்போவில் ஒருநாள் நீ கோல் கம்பத்தை விட்டு, கத்தின ஒருவனிடம் நேராக வேலிக்குப் போனாய். "உனக்கும் ரெண்டு இருக்கே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்க" என்றாய். அவன் கூட்டத்துக்குப் பின்னால் நழுவிப் போனான்.

அந்தப் பருவத்தில் நம்மை அதிகம் தோற்கடித்தது கல்யாண மாதங்கள்தான். முதலில் நடு ஆட்டக்காரி போனாள். அடுத்து மாற்று கோல்கீப்பர் கழுத்தில் தாலியோடு ஜோகூருக்குப் போனாள். மிச்சமிருந்தது ஒரே ஆட்டம், சொந்தத் திடலில், சிரம்பான் அணியோடு. சமன் செய்தால் மேல் பிரிவில் இருப்போம், தோற்றால் கீழே. ஆட்ட நாளன்று கொட்டிய மழையில் திடல் குளமாகிவிட்டது. தள்ளிவைத்தார்கள். புதுத் தேதியை மேனேஜர் வந்து சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அந்த ஞாயிறு உனக்குக் கல்யாணம். அதற்கு முந்தின சனிக்கிழமை ஆட்டம்.

சனிக்கிழமை உனக்கு இனாய் வைக்கிற நாள். நாங்கள் மருதாணி என்போம். உங்கள் வீட்டு வழக்கப்படி காலையில் இனாய் வைத்துவிட்டால் பெண் வாசலைத் தாண்டக்கூடாது. உன்னை விட்டால் கோலில் நிற்க நான்தான். நான் நின்றால் என் தலைக்கும் குறுக்குக் கம்பத்துக்கும் நடுவே இன்னொருத்தி உட்காரலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், நீ பந்து ஆடுவதே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. உன் அம்மா மறைத்துவிட்டார். "தாலி ஏறட்டும், அப்புறம் சிரிச்சிக்கிட்டே சொல்லிக்கலாம்" என்றார். சிராய்த்த முழங்காலைச் சரோங் மறைத்தது. அந்த மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருந்தது. பயிற்சியில் அவன் பேரை யாராவது சொன்னால், கைக்கு வந்த பந்தை நழுவ விடுவாய்.

நான் வியாபாரி மூளையோடு ஒரு வழி சொன்னேன். "சனிக்கிழமை சாயங்காலம் கோயில்ல வேண்டுதல்னு சொல்லிடலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அங்கே போய்க் கேட்கவா போறாங்க?"

"கோயிலை ஏன் இழுக்கிறே?" என்றாய். மறுநாளே கெபாயாச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீடு இருக்கிற செமாபோக்குக்குக் கிளம்பினாய். கல்யாணப் பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதை ஊரில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. துணைக்கு நான். வேலிக் கதவிலேயே என்னை நிறுத்திவிட்டு நீ மட்டும் உள்ளே போனாய்.

உன் வருங்கால மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"பொண்ணு இங்கே என்ன பண்றே? யாராவது பார்த்தா என்ன ஆகும்?"

"அத்தை, நான் பந்து ஆடுறேன். கோல்கீப்பர். சனிக்கிழமை கடைசி ஆட்டம், நான் போவேன். உங்களுக்குச் சம்மதமில்லைன்னா கல்யாணத்தை நிறுத்திக்கலாம். வேற யாரோ சொல்லி உங்க காதுக்கு வரக்கூடாது, அதான் வந்தேன்."

வேலியோரம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. எதிராளி வாய் திறக்கும் முன்பே தன்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்து மேசைமேல் வைக்கிறவளை அன்றுதான் பார்த்தேன். வியாபாரத்தில் இதற்குப் பேர் தற்கொலை.

"என் மகனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருக்கு உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி கத்தியை எடுத்தார். "வேலிகிட்ட நிக்கிறது யாரு?"

"என் கூட ஆடுறவ."

"அவளும் வரட்டும். வெங்காயம் நிறைய இருக்கு."

மூன்று பேரும் உட்கார்ந்து உரித்தோம். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் எது வெங்காயத்துக்கு, எது வேறு எதற்கு என்று எனக்குத் தெரியாது. அவர் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நாம் எழுந்தபோது மட்டும், "எத்தனை மணிக்கு?" என்றார்.

"நாலரை."

"இனாய் பிடிக்க நேரம் வேணுமே." அவ்வளவுதான். அதைச் சம்மதமாக எடுப்பதா, கல்யாணம் நின்றதாக எடுப்பதா? திரும்பி வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். உன் விரல்கள் சரோங்கின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே வந்தன.

சனிக்கிழமை உன் அம்மா அரைத்து வைத்த இனாயைத் தொடாமல், அவர் அழ அழ, நீ திடலுக்கு வந்தாய். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கோலுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை முளைத்தது. நல்ல கெபாயா, மடியில் துணி போட்டு மூடிய பித்தளைக் கிண்ணம். நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்த அந்த நேரத்தில் சிரம்பான்காரி என்னைத் தாண்டிப் போய் கோல் போட்டுவிட்டாள்.

"ஏய் வெங்காயக்காரி!" என்றது குடை. "பந்து அங்கே இருக்கு, என் மூஞ்சியில இல்லை!"

திடலே சிரித்தது. நீயும் சிரித்தாய், கோல் வாங்கின கோல்கீப்பர். பிற்பாதியில் நாமும் ஒரு கோல் போட்டுச் சமமாக்கினோம். கடைசி நிமிஷங்களில் அவர்களுடைய முன் ஆட்டக்காரி தனியாக உள்ளே வந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கும் தூரத்தில் இல்லை. நீ அவள் காலடியில் பாய்ந்தாய். பந்தும் உன் கையும் அவள் பூட்ஸும் ஒன்றாகச் சேர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ எழுந்தபோது பந்து உன் வயிற்றோடு இருந்தது. சுண்டுவிரல் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

விசில் ஊதியதும் எல்லாரும் உன்மேல் விழுந்தார்கள். உன் வருங்கால மாமியார் குடையை மடக்கிக்கொண்டு வந்து கூட்டத்தை விலக்கினார். குழாயடிக்குக் கூட்டிப்போய் உன் கைச் சேற்றைத் தானே கழுவினார். லோரியின் பின்பலகையில் உன்னை உட்கார வைத்து, கிண்ணத்தைத் திறந்து ஒவ்வொரு விரலாக இனாய் வைத்தார். வீங்கின விரலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது கோணிப் போச்சே."

"திருப்பி அனுப்பிடுவீங்களா?" என்றாய். கேலியாகத்தான் கேட்டாய். ஆனால் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாய்.

"அவ்வளவு வெங்காயம் உரிச்ச பிறகா?" என்றார். அந்த விரலுக்கும் வைத்தார், ஊதி ஊதி.

அப்போதுதான் நீ அழுதாய். கண்ணைத் துடைக்க உனக்குக் கை இல்லை. நான் என் சட்டை நுனியால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் உன் இனாய் சிவக்கவில்லை, வெளுத்த ஆரஞ்சாக இருந்தது. பெண்கள் குசுகுசுத்தார்கள். "எங்க வீட்டு மருமகளுக்கு இதான் கலர்" என்று உன் மாமியார் ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் மேல் பிரிவில் நமக்கு இடம் இருந்தது. இறங்கி ஆடத்தான் ஆளில்லை. உனக்கு வயிற்றில் பிள்ளை, எனக்குக் கடை. மற்றவர்கள் ஆளுக்கொரு ஊரில். அதைப் பற்றி நீ ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசவில்லை. நான்தான் பேசுவேன். "ஆடினோம்ல?" என்று முடித்துவிடுவாய்.

போன வருஷம் ஒருநாள் மதியம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்கு வந்தாய். "உட்காரு தவுக்கே" என்று என் கடையில் என்னையே உட்காரச் சொன்னாய். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாய். நான் வேறு டாக்டர் என்றேன், கோலாலம்பூர் என்றேன், சிங்கப்பூர் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல பேரம் இல்லை" என்றாய். உன் பிள்ளைகள் போன் போட்டுச் சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன். நீயே வந்து சொன்னதால், சேர்ந்து ஒரு டீ குடிக்க முடிந்தது.

என் மகன்களுக்கு இன்னும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கடையையும் ஆயர் குரோவில் மாவரைக்கிற மில்லையும் மகள் பேருக்கு எழுதப்போகிறேன். உழைத்தவள் அவள்தான். எனக்குத் தெரிந்த வழி வேறு: முதலில் என் தம்பி காதில் போட்டு, அவன் சொல்லி இவர்கள் கொதித்து, ஆறின பிறகு நான் போய் உட்காருவது. இத்தனை காலமும் அப்படித்தான் காரியம் சாதித்தேன். இதை மட்டும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. உன் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றதில் எனக்குள் தங்கியது இவ்வளவுதான். வியாபாரிக்கு இது நஷ்டம் என்று தெரிந்தும் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன்கள் இரண்டு பேரும் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். சோறு போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்.